அழாத பிள்ளைக்கும் பால்

அழுத பிள்ளை பால் குடிக்கும் என்பது நம் வீடுகளில் வழங்கும் பழமொழி. வாய் திறந்து கேட்பவனுக்குக் கிடைக்கும், திறவாதவன் பட்டினி கிடப்பான் என்னும் உலகியல் உண்மையை அது சொல்கிறது. உண்மையைச் சொல்கிறதே தவிர, நீதியைச் சொல்லவில்லை. அழாத பிள்ளைக்குப் பசி இல்லையா? அழவும் தெம்பற்றுக் கிடக்கும் பிள்ளைக்கன்றோ முதலில் பால் வேண்டும்?

இந்தக் கேள்வி மிகக் கூர்மையாக எழும் இடம் ஒன்று உண்டு. அது மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவு. அங்கே குருதி பேசும்; கூக்குரல் பேசும்; முறிந்த எலும்பு பேசும். குருதியும் இல்லாமல், வலியும் இல்லாமல், காய்ச்சலும் இல்லாமல் வருகிற நோய்க்கு அங்கே யார் செவிசாய்ப்பார்? அத்தகைய நோய்களுள் ஒன்று, நேற்றுவரை நன்றாகக் கேட்ட காது இன்று காலை கேளாமற்போவது. மருத்துவர்கள் இதனைத் திடீர்ச் செவித்திறன் இழப்பு என்பர். இந்நோயை முன்னிறுத்தி, நம் மனச்சான்றையும் சற்றுச் சோதித்துப் பார்ப்போம்.

வாயிலில் ஒரு மனிதர்

யானைக்கவுனியில் வாழும் ஒருவரை நினைத்துக்கொள்வோம். அவர் நம் சிந்தனைக்காக நாம் படைத்துக்கொண்ட மனிதர். ஆயினும் அவருக்கு நேர்வது பலருக்கு நேர்ந்தது. கவுனி என்றால் கோட்டை வாயில். 18ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் கருப்பர் நகரத்தைச் சுற்றி எழுப்பிய மதிலின் வாயில்களுள் ஒன்று தந்த பெயர் அது. அந்த மதிலுக்கென விதிக்க எண்ணிய வரியின் பெயர்தான் வால்டாக்ஸ் சாலையில் இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அந்தச் சாலையில் ஒரு லாரி பார்சல் அலுவலகத்தில் நம் மனிதர் பில் எழுதுகிறார். வயது நாற்பத்தைந்து. நாள் முழுதும் லாரி, கைவண்டி, ஒலிப்பான், சுமை இறக்குவோரின் குரல். இரவில் ரயில்களின் ஓசை. சத்தத்தின் நடுவே பிறந்து வளர்ந்தவர்.

ஒருநாள் காலை விழித்தபோது அவருடைய இடக்காது அடைத்திருந்தது. உள்ளே ஓயாத இரைச்சல். தண்டவாளத்தின் மேல் செல்லும் ரயிலின் ஓசை ஒரு புறமிருந்து மட்டுமே வந்தது. "நேத்துத் தலைக்குக் குளிச்சீங்களே, தண்ணி போயிருக்கும்" என்றார் மனைவி. அன்று வெதுவெதுப்பான எண்ணெய் ஊற்றினார்கள். மறுநாள் மருந்துக்கடையில் கேட்டுச் சொட்டு மருந்து வாங்கினார்கள். மூன்றாம் நாள் பழக்கத்தின்படி தொலைபேசியை இடக்காதில் வைத்தார். எதிர்முனையில் யாருமே இல்லாததுபோல் இருந்தது. நான்காம் நாள் மாலை, நடக்கையில் சற்றுத் தள்ளாடவும் செய்யவே, ஒரு மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் சென்றார்.

அங்கே விபத்தில் கால் நசுங்கிய இளைஞன் கிடக்கிறான். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஒரு முதியவர். வலிப்பு வந்த குழந்தையை ஏந்தியபடி ஒரு தாய். நம் மனிதர் சுவரோரம் அமர்கிறார். கேளாத காது வாசற்புறம் இருக்கும்படி அமர்ந்துவிட்டார் என்பது அவருக்கே தெரியாது. உள்ளிருந்து அவர் பெயரை இருமுறை அழைத்தார்கள். அவர் எழவில்லை. மூன்றாம் முறை ஊழியர் வெளியே வந்து, "கூப்பிடுறது காதுல விழலையா?" என்று சினந்தார். அதைச் சொல்லத்தான் வந்தேன் என்று சொல்ல அவருக்கு நாவெழவில்லை.

முதல்நாளிலிருந்து உறங்காத இளம் மருத்துவர் ஒருவர் காதுக்குள் விளக்கடித்துப் பார்த்தார். சிறிது குறும்பி தெரிந்தது. "அழுக்குதான் அடைச்சிருக்கு. சொட்டு மருந்து விடுங்க. சரியாகலேன்னா ஒரு வாரம் கழிச்சு காது மூக்கு தொண்டைப் பிரிவுக்கு வாங்க" என்றார். நம் மனிதருக்கு ஆறுதல். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார்களே! வீடு திரும்பினார்.

இந்த நிகழ்ச்சியில் கொடியவர் எவரும் இல்லை என்பதைக் கருதவேண்டும். மனைவி அன்பினால் எண்ணெய் ஊற்றினார். கடைக்காரர் தமக்குத் தெரிந்ததைச் செய்தார். ஊழியர் களைத்திருந்தார். மருத்துவர் உயிருக்குப் போராடுவோரிடம் ஓடவேண்டியிருந்தது. ஆயினும் ஒரு மனிதருக்கு அநீதி நேர்ந்திருக்கிறது. தீயவரே இல்லாமல் தீங்கு எப்படி விளைகிறது என்பதுதான் நம் முன் உள்ள வினா.

நோயின் இயல்பு

அவருக்கு நேர்ந்தது என்ன? உட்செவியில் நத்தைக்கூடுபோல் சுருண்ட ஒரு நுண்ணிய உறுப்பு இருக்கிறது. அதனுள் ஏறத்தாழ 15,000 உணர்மயிர் உயிரணுக்கள் ஒலியதிர்வை நரம்புத் துடிப்பாக மாற்றுகின்றன. மனிதரில் இவை அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை. இவற்றுக்குக் குருதி கொண்டுவரும் நாளமும் மெல்லியது ஒன்றே. அது அடைபட்டால் மாற்று வழி இல்லை. 3 நாளுக்குள், அடுத்தடுத்த 3 ஒலி அலைவெண்களிலேனும் 30 டெசிபல் அளவுக்குக் கேட்கும் திறன் குறைந்து, குறை உட்செவியிலோ நரம்பிலோ இருந்தால் அதுவே இந்நோய். 30 டெசிபல் என்பது சாதாரண உரையாடலை முணுமுணுப்பாக்கிவிடும் அளவு. பெரும்பாலும் ஒரு காதையே தாக்குகிறது. பலர் காலையில் விழிக்கும்போதே அறிகின்றனர். அமெரிக்க நாட்டுக் கணக்கின்படி ஆண்டுதோறும் ஒரு லட்சம் பேரில் 5 முதல் 27 பேருக்கு இது நேர்கிறது.

காரணம்? பத்தில் ஒருவருக்கே திட்டமாகத் தெரியவருகிறது. நச்சுயிர்த் தொற்றாக இருக்கலாம். நாள அடைப்பாக இருக்கலாம். உடலின் எதிர்ப்பாற்றலே தன் உறுப்பைத் தாக்கியதாக இருக்கலாம். அரிதாகச் செவிநரம்பில் வளரும் கட்டியாக இருக்கலாம். சிலருக்கு இது மூளைப் பக்கவாதத்தின் முன்னறிவிப்பு. காது கேளாமையோடு கடும் தலைச்சுற்றல், வாய் கோணல், பேச்சுக் குழறல் ஆகியவையும் சேர்ந்தால் ஒரு நொடியும் தாமதிக்கலாகாது.

இந்நோய்க்குப் பயன்படும் முதன்மை மருந்து ஸ்டீராய்டு. அதனைத் தொடங்க உகந்த காலம் முதல் 2 வாரம். குணம் முழுமையாகாவிட்டால், 2 முதல் 6 வாரத்துக்குள் செவிப்பறை வழியாக ஊசி மூலம் மருந்து செலுத்தும் முறையும் உண்டு. அதன்பின் கதவு பெரும்பாலும் மூடிக்கொள்கிறது. நம் மனிதர் எண்ணெயிலும் சொட்டு மருந்திலும் நான்கு நாள் இழந்தார். ஒன்றுமில்லை என்ற ஆறுதலில் இன்னும் ஒரு வாரம் இழப்பார். புறநோயாளி வரிசையிலும் கருவிச் சோதனைக்குக் குறித்த தேதியிலும் மீதியை இழப்பார்.

இத்தனைக்கும் குறும்பி அடைப்பையும் நரம்புக் குறையையும் பிரித்தறிய உதவும் கருவி ஓர் இசைக்கவை. 19ஆம் நூற்றாண்டு ஜெர்மானியர் வெபர் பெயரால் வழங்கும் சோதனை அது. இசைக்கவையைத் தட்டி நெற்றியின் நடுவில் வைத்தால், அடைப்பினால் கேளாத காதாயின் அந்தக் காதிலேயே ஒலி உரக்கக் கேட்கும். நரம்புக் குறையாயின் நல்ல காதின் பக்கம் சாயும். கருவி இல்லாதவரும் வாயை மூடிக்கொண்டு 'ம்ம்ம்' என்று முனகிப் பார்க்கலாம். அதே குறிப்பு கிடைக்கும். முடிவான தீர்ப்பைச் செவித்திறன் சோதனைதான் தரவேண்டும். ஆயினும், "நாளையே செல்லுங்கள்" என்று சொல்வதா, "அடுத்த வாரம் பார்க்கலாம்" என்று சொல்வதா என்பதை அந்த ஒரு நிமிடம் தீர்மானித்திருக்கும்.

இரண்டு கடிகாரங்கள்

அப்படியானால் கால் நசுங்கியவனை விட்டுவிட்டு மருத்துவர் இவரிடம் வந்திருக்கவேண்டுமா? இல்லை. நோயாளிகளைத் தரம் பிரித்து, ஆபத்து மிகுந்தவரை முதலில் பார்ப்பது அநீதியன்று, அதுவே நீதி. நெப்போலியனின் படை மருத்துவர் லாரே, போர்க்களத்தில் அடிபட்டவர் தளபதியா, சிப்பாயா, எதிரியா என்று பாராமல், காயத்தின் கடுமையை மட்டுமே பார்த்து வரிசைப்படுத்தினார். பதவிக்கும் பணத்துக்கும் இருந்த முதலிடத்தை அவர் தேவைக்குக் கொடுத்தார். இன்று தமிழக அரசு மருத்துவமனைகளில் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று நோயாளிகளைப் பிரிப்பதும் அந்த நெறியின் வழிவந்ததே.

ஆனால் தேவையை எந்த அளவுகோலால் அளக்கிறோம்? இங்கே இரண்டு கடிகாரங்கள் ஓடுகின்றன. உயிர் எவ்வளவு நேரத்தில் போகும் என்று காட்டுவது ஒன்று. அதன் ஓசை எல்லார்க்கும் கேட்கிறது. வாய்ப்பு எவ்வளவு காலத்தில் போகும் என்று காட்டுவது மற்றொன்று. அது ஓசையின்றி ஓடுகிறது. காது போன மனிதர் மூன்று மணிநேரம் காத்திருந்தால் ஒன்றும் கெட்டுவிடாது. மூன்று வாரம் காத்திருந்தால் கெட்டுவிடும். ஆகவே அவரைக் காத்திருக்கச் சொல்வது அநீதியன்று. வரிசையில் கடைசி இடம் தருவதும் அநீதியன்று. 'ஒன்றுமில்லை' என்று சொல்லி வரிசையிலிருந்தே வெளியே அனுப்பிவிடுவதுதான் அநீதி. "இது அவசரந்தான், உங்கள் முறை வரும்வரை பொறுங்கள்" என்பதற்கும் "இது அவசரமில்லை" என்பதற்கும் இடையே ஒரு மனிதரின் செவி இருக்கிறது.

பொதுவாழ்விலும் நாம் முதற் கடிகாரத்தையே பார்த்துப் பழகிவிட்டோம். கிழவியின் மங்கும் கண், பள்ளிப் பிள்ளையின் திக்கும் நாக்கு, ஆலையின் இரைச்சலில் ஆண்டுக்கணக்கில் தேயும் தொழிலாளியின் காது ஆகியவற்றை நாளை பார்த்துக்கொள்ளலாம் என்று ஒத்திப்போடுகிறோம். எண்ணூரும் திருவொற்றியூரும் துறைமுகமும் ஒலியால் உழைக்கும் ஊர்கள். இரைச்சலால் வரும் செவிக்குறையை, அரசுக்கு அறிவிக்கவேண்டிய தொழில்நோய்களின் பட்டியலில் 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் வைத்திருந்தது. ஆயினும் உரக்கப் பேசுவது அவர்களுடைய குணம் என்றுதான் நாம் சொல்கிறோம். அது ஒரு காயத்தின் அடையாளமாக இருக்கலாம் என்று எண்ணிப் பார்ப்பதில்லை.

உறுதியில்லாத மருந்து

இங்கே ஒரு மறுப்பு எழலாம். அது வலிமையான மறுப்பே. இந்நோயில் மூன்றில் ஒரு பங்கு முதல் மூன்றில் இரு பங்குவரை நோயாளிகள் மருந்தின்றித் தாமாகவே ஓரளவேனும் தேறுகின்றனர். ஸ்டீராய்டு உறுதியாகப் பயன் தரும் என்பதற்கு ஐயத்துக்கிடமற்ற சான்றும் இல்லை. அமெரிக்கக் காது மூக்கு தொண்டை மருத்துவர் கழகம் 2012இல் வெளியிட்டு 2019இல் திருத்திய நெறிமுறையும், அதனைக் கொடுத்தே தீரவேண்டும் என்று கூறாமல் கொடுக்கலாம் என்றே கூறுகிறது. நீரிழிவு உள்ளவருக்கு அம்மருந்து சர்க்கரையை ஏற்றிவிடும். பலனே உறுதியில்லாதபோது தாமதத்தைப் பெருங்குற்றம் என்பது மிகையன்றோ?

மிகையன்று. மருத்துவரின் கடமை வெற்றியில் பிறப்பதன்று. நோயாளி ஒரு மனிதர் என்பதில் பிறப்பது. மருந்து பலிக்குமா பலிக்காதா என்ற ஐயம் யாருக்கு உரிய சொத்து? காது யாருடையதோ அவருக்கு உரியது. "ஐயா, இது குறும்பியன்று, நரம்புக் குறையாக இருக்கலாம். தானாகத் தேறவும் கூடும், தேறாமற்போகவும் கூடும். ஒரு மருந்து இருக்கிறது. அது எல்லார்க்கும் பலிப்பதில்லை. அதற்கு இன்னின்ன தீங்கும் உண்டு. காலம் குறைவு. என்ன செய்யலாம்?" என்று சொல்லியிருந்தால், அவர் தம் வாழ்வைப் பற்றித் தாமே முடிவெடுத்திருப்பார். காது பின்னர் போயிருந்தாலும், அது ஒரு நோய் செய்த வேலை என்று ஆறியிருப்பார். பொய்யான ஆறுதல் அவரிடமிருந்து அந்த உரிமையைப் பறித்துவிட்டது. 'தெரியவில்லை' என்னும் உண்மை, 'ஒன்றுமில்லை' என்னும் இனிய சொல்லைவிட அன்பு மிக்கது. அதே நெறிமுறை நோயின் இயல்பையும் மருந்தின் நன்மை தீமைகளையும் நோயாளிக்கு விளக்கவேண்டும் என்று வற்புறுத்துவது இதனால்தான்.

ஒரு காது போதாதா?

இன்னொரு காதுதான் இருக்கிறதே என்று உலகம் ஆறுதல் கூறும். ஒற்றைக் காதால் ஒலியைக் கேட்கலாம். அது எங்கிருந்து வருகிறது என்று அறிவது அரிது. வால்டாக்ஸ் சாலையைக் கடக்கும் ஒருவருக்கு ஒலிப்பான் கேட்கிறது. ஆனால் லாரி எந்தப் பக்கம்? சந்தடிக்குள் தனிக்குரலைப் பிரித்தெடுக்கவும் முடிவதில்லை. விருந்தில், கூட்டத்தில், கடையில் அவர் தலையை ஆட்டிப் புன்னகைக்கப் பழகிக்கொள்கிறார். நாளடைவில் அத்தகைய இடங்களுக்குப் போவதையே தவிர்க்கிறார். இரவும் பகலும் காதுக்குள் இரைச்சல் மட்டும் ஓய்வதில்லை.

சட்டமும் அவரைக் காண்பதில்லை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் செவித்திறன் குறையை இரு காதுகளிலும் அளந்தே வரையறுக்கிறது. ஒரு காதை முற்றிலும் இழந்து மறுகாது நன்றாக இருப்பவர் அந்த வரையறைக்குள் வரமாட்டார். எங்கேனும் ஒரு கோடு போடவேண்டியது சட்டத்தின் இயல்பு. அதனைக் குறைகூற வேண்டா. கோட்டுக்கு வெளியே இருப்பவரிடமும் கடன்பட்டிருப்பது அறத்தின் இயல்பு.

2024 ஜூன் மாதத்தில், புகழ்பெற்ற இந்தித் திரைப்படப் பின்னணிப் பாடகி அல்கா யாக்னிக் தமக்கு நேர்ந்ததை உலகுக்கு அறிவித்தார். விமானத்திலிருந்து இறங்கி நடக்கையில் திடீரென எதுவும் கேட்கவில்லை. நச்சுயிர்த் தாக்குதலால் வந்த அரிய செவிநரம்புக் குறை என்று மருத்துவர்கள் கூறினர் என்றார். அன்று நாடெங்கும் இந்நோயின் பெயர் பேசப்பட்டது. ஒரு பெருங்கலைஞர் தம் துயரத்தைப் பிறருக்கு எச்சரிக்கையாக்கியது நன்று. ஆனால் அதுவும் நம் பழமொழியைத்தான் மெய்ப்பிக்கிறது. அவருடைய குரலை நாடு அறியும்; ஆகவே அவருடைய செவிக்காக நாடு வருந்தியது. பில் எழுதும் மனிதரின் குரலை யார் அறிவார்?

கேள் என்னும் சொல்

பார்வையிழந்தவரைக் கண்டால் நமக்கு இரக்கம் வருகிறது. கேளாதவரைக் கண்டால் எரிச்சல் வருகிறது. 'செவிடன் காதில் ஊதிய சங்கு' என்று பழமொழி சொல்லி நகைக்கிறோம். சங்கு ஊதியவனுக்கு ஒன்றும் குறையில்லை. குறையெல்லாம் கேளாதவனுடையதே என்பது அதன் உட்கிடை. ஆனால் ஒருவர் கேளாமற்போனதை நான்கு நாளாகியும் கேட்டறியாத நம்மை என்ன பெயரால் அழைப்பது?

மாற்கு நற்செய்தியின் 7ஆம் அதிகாரத்தில், காது கேளாத ஒருவரை இயேசுவிடம் கொண்டுவருகிறார்கள். நலமளிப்பதற்கு முன் அவர் செய்த முதற்செயல் சிந்திக்கத்தக்கது. அந்த மனிதரைக் கூட்டத்திலிருந்து தனியே அழைத்துச் செல்கிறார். பின்னர்ச் சொல்லால் அன்றி விரல்களால் அவருடைய காதுகளைத் தொடுகிறார். சந்தடியில் எதுவும் விளங்காதவருக்கு அமைதியான ஓர் இடமும், செவியின்றியே விளங்கும் ஒரு சைகையும் கிடைத்தன. அற்புதம் செய்வது நம் கையில் இல்லை. தனியே அழைத்துச் செல்வதும், முகம் பார்த்துப் பேசுவதும், ஒரு தாளில் எழுதிக் காட்டுவதும் நம் கையில் இருப்பவையே.

தமிழில் 'கேள்' என்னும் சொல் செவிமடுத்தலையும் குறிக்கும், வினவுதலையும் குறிக்கும். வள்ளுவர் 'கேள்வி' என்று ஓர் அதிகாரமே வகுத்துச் செவிவழி வரும் செல்வத்தைப் போற்றினார். அதே 'கேள்' என்னும் சொல்லுக்கு உறவு என்றும் பொருளுண்டு. கேளிர் என்றால் உறவினர். வினவி, விடையைச் செவிமடுப்பவரே ஒருவருக்கு உறவாகிறார் என்று இச்சொற்பொருள்கள் மூன்றையும் சேர்த்து நாம் எண்ணிக்கொள்ளலாம்.

வடசென்னையில் ஸ்டான்லி மருத்துவமனையை மூத்தவர்கள் 'கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி' என்பர். 1782ஆம் ஆண்டுப் பஞ்ச காலத்தில் அங்கிருந்த மணியக்காரர் சத்திரத்தில் பசித்தோர்க்குக் கஞ்சி வார்த்ததன் நினைவு அப்பெயரில் நிற்கிறது. பசியால் குரலற்றுப்போனவர்களை முன்வைத்துத் தோன்றிய அறத்தின் பெயரை மக்கள் மறக்கவில்லை. கேளாமல் கொடுத்த கஞ்சி அது.

நம் வீட்டில் ஒருவர் "காது அடைச்சிருக்கு" என்று சொன்னால், எண்ணெய்க் கிண்ணத்தைத் தேடுமுன், "எப்போதிலிருந்து? ஒரு காதா, இரண்டா? தலை சுற்றுகிறதா?" என்று கேட்போம். திடீரென வந்ததாயின் அன்றே அழைத்துச் செல்வோம். செவித்திறன் சோதனை வேண்டும் என்று பணிவோடு வற்புறுத்துவோம். அவசரப் பிரிவில் பணிசெய்வோர் ஓர் இசைக்கவையைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்திருக்கட்டும்; அழைத்தும் எழாதவரிடம் சினக்குமுன், அவர் தோளைத் தொட்டுப் பார்க்கட்டும்.

நல்ல தாய் குழந்தை அழட்டும் என்று காத்திருப்பதில்லை; நேரமறிந்து தானே எழுகிறாள். அவளைப் பார்த்தவர்கள் அழுத பிள்ளைக்குத்தான் பால் என்று சொல்லமாட்டார்கள்.